வானத்தில் ஒரு மங்கம்மாள் சாலை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தக் காலத்தில் சர்வதேச மகாநாடு என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். 1981-ஆம் ஆண்டு ஜனவரியில் ஐந்தாவது உலகத் தமிழ் மகாநாடு இங்கேதான் நடந்தது. வருகிறவர்களுக்கு ஜாகை பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். யார் முன்னால் பேசுவது, யார் பின்னால் பேசுவது என்ற சம்பந்தி சண்டையைத் தீர்த்து வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, பந்தலைப் பிரிக்கிற ஆளுக்குக் கூலி பாக்கி என்று ஒருவர் வந்து நிற்பார்.

நீர்ப்பறவைகளைக் காப்பாற்றுவதற்காக நடக்கும் மகாநாட்டில் இவ்வளவு தொல்லையோடு ஒரு விசித்திரமும் உண்டு. மகாநாடு யாருக்காகவோ அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. அழைப்பிதழ் அனுப்பாமலே வேறோர் இடத்துக்கு வந்து இறங்கி விடுகிறார்கள்!

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 17 முதல் 22 வரை குஜராத்தின் காந்திநகரில் அப்படி ஒரு பெரிய மகாநாடு நடந்தது. நாடு விட்டு நாடு வலசை போகும் பிராணிகளைப் பாதுகாக்க 1979-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் சேர்ந்த தேசங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கூடுவது என்று ஏற்பாடு. காந்திநகரில் கூடியது பதின்மூன்றாவது கூட்டம். அதற்கு ஒரு சின்னம் வரைந்தார்கள். அது என்ன தெரியுமோ? நம் வீட்டு வாசல் கோலம்! தென்னிந்தியக் கோலத்தைப் பார்த்து, அதே பாணியில் அமூர் வல்லூறு, திமிங்கிலம், கடலாமை எல்லாவற்றையும் இழுத்து விட்டார்கள். வருகிற விருந்தாளியை வீட்டுக்கு அழைக்கிற சின்னம் அதைவிட வேறு என்ன இருக்க முடியும்? மார்கழியில் விடியற்காலை எழுந்து, இடுப்பு ஒடியக் குனிந்து கோலம் போடுகிற நம் பெண்மணிகள், தங்கள் கைவேலை ஐக்கிய நாடுகள் சபை வரைக்கும் போயிருக்கிறது என்று தாராளமாகப் பெருமைப்படலாம்.

இதையெல்லாம் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். அவர் பருப்பை நிறுத்துக் கொண்டே கேட்டார்:

"ஏன் ஸார், எங்க நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வருஷா வருஷம் வாத்தும் நாரையும் வருது. வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். ஊர்க்காரங்க ஒரு கல்லை எடுத்து எறிய மாட்டாங்க. இதுக்கு எந்த ராஜாங்கம் மகாநாடு போட்டுது?"

"அண்ணாச்சி, விருதுநகரிலேயிருந்து உங்களுக்குச் சரக்கு வருகிறது. லாரிக்காரன் நல்லவன், நீங்களும் நல்லவர். நடுவிலே ஒரு பாலம் இடிந்து விட்டால்?"

"சரக்கு வராது."

"அதற்குத்தான் மகாநாடு."

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார்.

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்டவர். சாலை போட்ட ராணி என்றுதான் இன்றைக்கும் கிராமத்து ஜனங்கள் அவரைச் சொல்கிறார்கள். கால் நடையாகக் கன்னியாகுமரி வரை போகிறவனுக்குச் சாலை மட்டும் போதுமா? வழியில் நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், இரவு தங்கச் சத்திரம் வேண்டும். சாலை என்பது உண்மையில் சத்திரங்களின் வரிசைதான்.

வானத்திலும் அப்படி ஒரு மங்கம்மாள் சாலை இருக்கிறது. மத்திய ஆசியப் பறவை வழி என்று அதற்குப் பெயர். வடதுருவக் கடற்கரையில் தொடங்கி இந்து மகா சமுத்திரம் வரையில் 30 தேசங்களைத் தொட்டுக் கொண்டு போகிறது. வடக்கே ஏரிகள் பனிக்கட்டியாக உறையத் தொடங்கும் சமயத்தில், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கண்மாய்கள் நிரம்புகின்றன. என்ன பொருத்தம் பாருங்கள்! ஊசிவால் வாத்தும், நீலச்சிறகியும், விரல் நீளமே உள்ள அலகோடு உள்ளான்களும் புறப்பட்டு விடுகின்றன. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது. அதன் மேல் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்தவர்கள், 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்ததைக் குறித்திருக்கிறார்கள். அண்ணாச்சி ஊர்க் கூந்தன்குளத்துக்கு வருகிற வாத்து அதுதான்.

இந்த யாத்திரிகர்களுக்குக் கட்டுச்சோறு என்பது உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு. புறப்படும் முன் வயிறு முட்டத் தின்று சேர்த்துக் கொள்கின்றன. பாதி வழியில் அது தீர்ந்து விடும். அப்போது கீழே இறங்கி ஓர் ஏரியையோ சதுப்பையோ தேட வேண்டும். போன வருஷம் இருந்த சத்திரம் இந்த வருஷம் மண் மேடாகிக் கிடந்தால் அந்தப் பிரயாணி என்ன செய்யும்? 29 தேசங்கள் கதவைத் திறந்து வைத்தும், ஒரு தேசம் கதவை அடைத்து விட்டால் யாத்திரை முடிந்தது. பறவைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எந்த நாட்டுப் பிரஜையும் அல்ல. ஆகையால், "உன்னால்தான்" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வது சுலபம். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

உட்காரத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானத்துப் பரத்பூரே சாட்சி. சைபீரியாவிலிருந்து பால் போல வெளுத்த பெருங்கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வரும். 1960-களில் ஏறத்தாழ 200 கொக்குகள் வந்தன. பரத்பூரில் அவற்றை யாரும் சுடவில்லை. ஆனால் வரும் வழியில் துப்பாக்கிகள் இருந்தன, தங்குமிடங்கள் சுருங்கின. இந்தக் கொக்குக்காகவே 1993-இல் தேசங்கள் தனியாக ஒப்பந்தம் செய்து கொண்டன. அதற்குள் விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்தாயிற்று. 2001-2002 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதன் பிறகு பரத்பூரில் அந்தக் கொக்கை யாரும் பார்க்கவில்லை. பரத்பூரில் ஏரி இருக்கிறது, மீன் இருக்கிறது, காவல் இருக்கிறது. விருந்தாளி இல்லை.

நல்ல வேளையாக, மற்றப் பறவைகளுக்காகக் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக் கொண்டவர்கள் இருந்தார்கள். 1962-இல் பிரான்ஸ் தேசத்தில் சதுப்பு நிலங்களைப் பற்றி ஒரு மகாநாடு கூடியது. அதிலிருந்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, மசோதா எழுதி, அடித்து, திருத்தி, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு 1971 பிப்ரவரி 2-ந் தேதி ஈரானில் ஓர் உடன்படிக்கையை முடிவு செய்தார்கள். காஸ்பியன் கடற்கரையில் உள்ள அந்த ஊரின் பெயர் ராம்சார். நம் ஊரில் சிலர் அது கணக்கு வாத்தியார் ராம் ஸார் என்று எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். பாதகமில்லை, பெயர் நினைவில் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு வந்த 18 தேசங்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டுமே உண்டு. அதே 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு நாடுகளுக்கும் யுத்தம் மூண்டது. ஆனாலும் பிப்ரவரியில் வாத்துக்காக ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள்! இந்தியா 1982 பிப்ரவரி முதல் தேதி முறைப்படி உடன்படிக்கையில் சேர்ந்தது.

இன்னொரு கணக்கும் பார்க்கலாம். நம் செங்கல்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் கிராமத்தார், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காப்பதற்கு உத்தரவு வாங்கியது 1798-இல். அதாவது ராம்சாருக்கு 173 வருஷம் முந்தி. அவர்கள் மகாநாடு போடவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜீவகாருண்யமும் லாபமும் ஒரே மடை வழியாகப் பாய்ந்தன!

இப்போது விஷயம் நம் வீட்டுக்கே வந்து விட்டது. 2024 பிப்ரவரியில் உஸ்பெகிஸ்தானத்து ஸாமர்க்கண்டில் கூடிய பதினான்காவது மகாநாடு, இந்த மத்திய ஆசியப் பறவை வழிக்கென்று ஒரு திட்டத்தை ஏற்றது. அதன் ஒருங்கிணைப்பு அலுவலகம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. 30 தேசத்துச் சத்திரங்களைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டிய காரியதரிசி நாம்தான். அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்து, "உன் ஏரி சுத்தமா?" என்று கேட்கப் போகிறவன் தன் கண்மாயைப் பார்த்துக் கொள்ள வேண்டாமா?

தமிழ் நாடு ஒன்றும் சோடையில்லை. 2002-இல் கோடிக்கரையில் தொடங்கி, 2025 பிப்ரவரிக்குள் ராம்சார் பட்டியலில் 20 இடங்கள் ஏறி விட்டன. இந்தியாவிலே வேறு எந்த ராஜ்யத்துக்கும் அத்தனை இல்லை. அதிலும் வேடிக்கை, அவற்றில் நான்கு ராமநாதபுரம் ஜில்லாக் கண்மாய்கள்: சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். அதிகாரிக்குப் பிடிக்காத குமாஸ்தாவை மாற்றி அனுப்புகிற தண்ணியில்லாக் காடு என்று யாரைக் கேலி செய்தோமோ, அந்தச் சீமைக்குத் தண்ணீருக்காக உலக மரியாதை!

மதுரை என்ன செய்கிறது? பறவையைத் தூது விட்ட ஊர் இது. சத்திமுற்றப் புலவர் பாண்டியன் தலைநகரில் குளிரில் நடுங்கிக் கொண்டு நின்றபோது, தெற்கே போய் வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத்தான் கூப்பிட்டு, ஊரில் இருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். நாரை எந்தத் திசையில் போகும், எந்தக் குளத்தில் இறங்கும் என்று ஓர் ஏழைப் புலவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அதே நாரை மதுரைக்கு மேலே பறந்து வந்தால் எங்கே இறங்கும்? மாட்டுத்தாவணிக்கு அப்பால் உலகனேரி இருக்கிறது. பெயரில் ஏரி அப்படியே இருக்கிறது. ஏரிப் படுகையில் பெரிய பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. வண்டியூர்க் கண்மாய், சாமநத்தம் கண்மாய் என்று மிஞ்சியிருப்பவற்றில் நீர்ப்பறவைகள் இன்றும் வந்து இறங்குகின்றன. வரத்துக் கால்வாய் அடைபடாமல், சாக்கடை கலக்காமல், கலுங்கு இடியாமல் பார்த்துக் கொள்வது நம் பொறுப்பு. அது பறவைக்குச் செய்கிற தர்மம் மட்டும் அல்ல. கண்மாய் வற்றினால் முதலில் வற்றுவது பக்கத்துத் தெருக் கிணறு.

இதைப் பாடமாகக் கேட்டுக் கொள்ள நாம் காந்திநகருக்கும் ஸாமர்க்கண்டுக்கும் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகிற பஸ்ஸில் ஏறி, சுமார் ஐம்பது கிலோ மீட்டர் போனால் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி. அங்கே மூன்று சின்னக் கண்மாய்கள். மொத்தப் பரப்பு 38 ஹெக்டேர்தான். 1977-இல் சரணாலயமாக்கினார்கள். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமும் தீபாவளியும் ஒன்றாக வந்து விடும். ஒரு வெடி போட்டால் தாய்ப் பறவை பதறிப் பறக்கும். குஞ்சு கீழே விழும். ஆகையால் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இதுதான் ஊர் வழக்கம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கூட வேட்டுக் கிடையாது. வனத்துறையார் தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவதுண்டு.

இது லேசான காரியம் என்று எண்ணி விடாதீர்கள். பட்டாசுச் சிவகாசி வெகு தூரத்தில் இல்லை. அடுத்த ஊரிலே படபடவென்று சரவெடி கேட்கும். புதுச் சட்டை போட்ட குழந்தை கையைப் பிசைந்து கொண்டு நிற்காதா? "நம்ம மரத்திலே குட்டிப் பாப்பா தூங்குது கண்ணு" என்று சமாதானம் சொல்ல வேண்டியவள் தாய்தானே! வருஷத்துக்கு ஒரு தீபாவளியை விட்டுக் கொடுக்க அந்தக் குழந்தைக்கு எந்த மகாநாட்டுத் தீர்மானமும் கற்றுக் கொடுக்கவில்லை. ராம்சார் பட்டியலின் அந்த 20 இடங்களில் வேட்டங்குடியின் பெயர் இல்லை. நாரைக்குப் பட்டியல் படிக்கத் தெரியாது. மரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சத்தம் இல்லை என்று பார்த்துத்தான் இறங்குகிறது.

மகாநாடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை கூடாததன் விலை என்ன என்று பரத்பூர் சொல்கிறது. ஆனால் எத்தனை தேசம் கையெழுத்திட்டாலும், கடைசிக் கையெழுத்தை ஒரு கிராமத்துக் கண்மாய்க் கரையில்தான் போட வேண்டியிருக்கிறது. என்றைக்காவது மதுரையில் ஒரு நீர்ப்பறவை மகாநாடு கூட்டுவதாக இருந்தால், வரவேற்புக் கமிட்டித் தலைவரைத் தேடி யாரும் அலைய வேண்டாம். கொள்ளுகுடிப்பட்டியிலிருந்து ஒரு தாயாரை அழைத்து வந்து உட்கார வைத்தால் போதும்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: பிரதிநிதிகள் வந்தால் மாலை போடுங்கள், பறவைகள் வந்தால் வெடி போடாதீர்கள்.