உருவம் பழையது, மின்சாரம் புதியது!

மரக்காணம், உப்பு விளையும் ஊர். விழுப்புரம் மாவட்டத்தில் கடலோரம் இருக்கிறது. சென்னையில் இருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

அந்தச் சாலையில் எப்போதாவது ஒரு பழைய கார் போகும். அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு! பார்ப்பதற்கு அழகுதான். ஆனால், இருட்டிவிட்டால் ஆபத்து!

காரணம் என்ன?

டைனமோ

பழைய கார்கள் பலவற்றில், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது "டைனமோ". என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அது போதிய மின்சாரம் தரும். கடைத்தெருவில் கார் ஊர்ந்தால், முன்விளக்கு மங்கும், பேட்டரி இறங்கும். எதிரே லாரி வந்தால் என்ன ஆவது?

உப்புக் காற்று இன்னொரு பகை. ஒயர் முனைகளில் பச்சை பூக்கும். எர்த் இணைப்பில் துரு ஏறும். இருக்கிற மின்சாரமும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

ஆல்டர்னேட்டர்

இதற்கு மாற்று "ஆல்டர்னேட்டர்". அமெரிக்காவில் 1960-ம் ஆண்டிலேயே கிரைஸ்லர் கம்பெனி தன் "வேலியண்ட்" காரில் இதைப் பொருத்தியது. என்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் இது மின்சாரம் தரும்.

"மாற்றினால் காரின் பழமை போய்விடுமே!" என்கிறார்கள் சிலர்.

அந்தக் கவலை நியாயமானது. அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ம் ஆண்டில் நின்றுவிட்டது. இருக்கிற கார்களைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால், அதற்கும் வழி இருக்கிறது.

வெளியே டைனமோ போலவும், உள்ளே ஆல்டர்னேட்டராகவும் செய்யப்பட்ட கருவிகள் உண்டு. பழைய ரெகுலேட்டர் பெட்டியை எடுக்க வேண்டாம். அதன் மூடி அப்படியே இருக்கட்டும். பானெட்டைத் திறந்தாலும் மாற்றம் எளிதில் தெரியாது!

கவனம் தேவை

முதலில் ஒயர் முனைகளையும் எர்த் இணைப்பையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வாசலின் தடவினால் உப்புக் காற்று எளிதில் அண்டாது. சில கார்களுக்கு இதுவே போதும்!

பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால், அது கருகிவிடும். புதிய கருவி கூடுதல் மின்சாரம் தரும். அதைத் தாங்கும் கனமான ஒயர் வேண்டும். மெல்லிய ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஆகவே, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

கழற்றிய டைனமோவை எடைக்குப் போடக் கூடாது! துடைத்துப் பத்திரமாக வைத்தால், பின்னால் வருகிறவர்கள் விரும்பினால் மீண்டும் மாட்டலாம்.

தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டால், அவர் வேறு ஆளாகி விடுவாரா? பழைய காரும் அப்படித்தான். ஷெட்டில் நிற்கும் கார் வெறும் பொம்மை. இரவிலும் பயம் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தால்தான், அது கார்!