சட்டம் விலக்களித்ததை விதி பறிக்கலாமா?

2017 மே 23 அன்று, ரமளான் பிறக்கச் சில நாள்களே இருந்த வேளையில், மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. மாடு, எருமை, ஒட்டகம் ஆகியவற்றை அறுப்புக்கெனச் சந்தையில் விற்கக் கூடாது. அங்கு வாங்கியதைக் குர்பானி கொடுக்கவும் கூடாது என்றன அவ்விதிகள். ஆடு அதில் இல்லையே என்று முதுகுளத்தூரில் நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை.

அவ்விதிகளின் தாய்ச்சட்டம் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 28ஆம் பிரிவோ, ஒரு சமூகத்தின் மார்க்கம் வேண்டும் முறையில் பிராணியை அறுப்பது குற்றமன்று என்கிறது. நாடாளுமன்றம் அளித்த விலக்கை ஓர் அமைச்சகம் விதி எழுதிப் பறிக்க இயலுமா? வக்ஃபு சாசனத்தை மீற முத்தவல்லிக்கு உரிமையில்லை. விதி இயற்றும் அதிகாரமும் அத்தகைய அமானிதமே.

நம் மாவட்டத்துக்கும் உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இவ்வாதம் எழுப்பப்பட்டது. மே 30 அன்று இடைக்காலத் தடை கிடைத்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. இறுதித் தீர்ப்பன்று அது. ஆயினும் உணர்ச்சி முழக்கம் பெற்றுத் தராததைப் பிரிவு எண் பெற்றுத் தந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது பேரூராட்சியோ காவல் நிலையமோ வாய்மொழியாக ஒரு கட்டுப்பாட்டைச் சொன்னால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.