பேருந்துகளை எண்ணுகிறோம், நடைகளை?

கடலூர் முதுநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையில் உள்ள செம்மங்குப்பம் என்ற ஊரின் பெயரைத் தமிழகம் முழுவதும் அறிந்துகொண்ட நாள் 2025 ஜூலை 8. அன்று காலை அங்குள்ள ரயில்வே கடவுப்பாதையைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர்.

விபத்து நடந்தபோது அந்தக் கடவுப்பாதை சிக்னலுடன் இணைக்கப்படாததாக இருந்தது. கதவு மூடப்பட்டதா, திறந்திருக்கிறதா என்பது சிக்னலுக்குத் தெரியாத நிலை. நிலைய அதிகாரியும் கதவுக் காவலரும் தொலைபேசியில் பரிமாறிக்கொண்ட சொற்களே அங்கு பாதுகாப்பாக இருந்தன. விபத்துக்கு மறுநாளே ரயில்வே அமைச்சகம் பல உத்தரவுகளைப் பிறப்பித்தது. கடவுப்பாதைகளில் கண்காணிப்புக் கேமராக்கள், குரல் பதிவுகளை அன்றாடம் சரிபார்த்தல் ஆகியவற்றுடன் முக்கியமான ஒன்றும் அவற்றில் இருந்தது. சிக்னலுடன் இணைக்க வேண்டிய கடவுப்பாதைகளைத் தேர்ந்தெடுக்கும் வரம்பு 20,000 அலகிலிருந்து 10,000 அலகாகக் குறைக்கப்பட்டது.

அது என்ன அலகு? ஒரு நாளில் ஒரு கடவுப்பாதையைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பெறும் தொகை அது. வாகன வகைக்கு ஏற்ப மதிப்பு சற்று மாறும். ரயில்களும் வாகனங்களும் கூடக் கூட அபாயமும் கூடும் என்பதே இதன் அடிப்படை. நாற்பது ஆண்டுகளாகப் பொருளியலோடு பழகியவன் என்ற முறையில் இந்தக் கணக்கில் எனக்கு மரியாதை உண்டு. எது அளக்கப்படுகிறதோ, அதுவே அரசு இயந்திரத்தின் கண்ணில் படும்.

ஆனால், இந்தப் பெருக்கலின் ஒரு பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாலை வாகனங்களின் எண்ணிக்கை வானத்திலிருந்து விழுவதன்று. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் கடந்தால் அது ஒரு வாகனம். அதே ஐம்பது பேர் வேன்களிலும் ஆட்டோக்களிலும் இருசக்கர வாகனங்களிலும் கடந்தால் அது முப்பது வாகனம். கடவுப்பாதையின் அபாயம் ரயில்வே துறையின் சிக்னல் பெட்டியில் மட்டும் இல்லை. அந்த ஊருக்குக் காலை எட்டு மணிக்கு முன் பேருந்து வருகிறதா என்ற கேள்வியிலும் இருக்கிறது.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நகரப் பேருந்து இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது உண்மைக்கும், இழந்த பெற்றோருக்கும் செய்யும் அநீதி. வேனைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோருக்கு வேறு காரணங்களும் உண்டு: வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது, தெரிந்த ஓட்டுநர், சிறு குழந்தை தனியே சாலையைக் கடக்க வேண்டியதில்லை. ஆயினும், சீருடை அணிந்த மாணவர் கட்டணமின்றிப் பேருந்தில் செல்லலாம் என்ற சலுகை நடைமுறையில் உள்ள மாநிலத்தில், கிராமங்களின் காலைப் பயணம் ஏன் இவ்வளவு தூரம் வேன்களுக்குக் கைமாறியது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலைவழித் தொலைவு சுமார் 45 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஏறத்தாழ இணையாகச் செல்லும் இந்தத் தடத்தில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. அரசுப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. நெடுஞ்சாலையில் நிற்பவர் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்வார். சாலையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளடங்கிய ஊர்களின் நிலை வேறு. அவர்களுக்கு எத்தனை பேருந்து ஓடுகிறது என்பது பொருட்டன்று. தங்கள் ஊருக்கு எந்த நேரத்தில், எத்தனை நடை என்பதே பொருட்டு.

இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர். இன்று வங்கிப் பணியில் இருக்கும் அவர் ஒரு பேருந்து ஆர்வலர். விடுமுறை நாள்களில் பேருந்து நிலையத்தில் நின்று, வருவதையும் போவதையும் குறிப்பேட்டில் எழுதுவார். முதலில் எனக்கு இது வேடிக்கையாகவே தெரிந்தது. ஒருநாள் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அவரோடு ஒரு மணி நேரம் நின்றேன்.

பதிவெண்ணில் ‘என்’ என்ற எழுத்து இருந்தால் அது அரசுப் பேருந்து. முன்னால் 32 என்றால் விழுப்புரம் கோட்டம், 68 என்றால் கும்பகோணம் கோட்டம். இரண்டும் சந்திக்கும் ஊர் சிதம்பரம் என்றார். மஞ்சள் வண்ணத்தில் பளபளப்பாக வந்து நின்ற ஒரு பேருந்தைக் காட்டி, “இது புதிய பேருந்தில்லை ஐயா, பழைய அடிச்சட்டத்தின் மீது புதிய கூண்டு கட்டியது, பதிவெண்ணைப் பாருங்கள்” என்றார். 2023 ஆகஸ்டில் முதன்முதலாக மஞ்சள் வண்ணத்தில் சாலைக்கு வந்த பேருந்துகள் இப்படிப் புதுப்பிக்கப்பட்டவையே என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. புதுப்பித்தல் குற்றமன்று, செலவைக் குறைக்கும் நல்ல வழியாகவும் இருக்கலாம். ஆனால், வண்ணத்தைப் பார்த்து எண்ணும் நமக்கும் பதிவெண்ணைப் பார்த்து எண்ணும் அவருக்கும் கிடைக்கும் விடைகள் வேறு.

அவர் குறிப்பேட்டில் இன்னொன்றும் இருந்தது. எந்தத் தடத்தில் எந்த நடை நின்றது, எந்தப் பேருந்தின் பலகை மாறியது என்பதையும் அவர் எழுதி வைத்திருந்தார். பலகை மாறுவது சிறிய செய்தியன்று. 2021 மே மாதம் முதல் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைப்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான். புறநகர்ப் பேருந்துகளில் இல்லை. அதே பேருந்து, அதே சாலை, அதே ஓட்டுநர் என்றாலும், ‘நகரப் பேருந்து’ என்ற தகுதியை இழந்தால் அந்த வழியில் கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணின் மாதச் செலவுக் கணக்கே மாறிவிடும். எந்த அரசாணையிலும் காணக் கிடைக்காத இந்த மாற்றத்தை, பொழுதுபோக்காகப் பேருந்து பார்ப்பவர் ஒருவர் பதிவுசெய்கிறார்.

தமிழகத்தின் பேருந்து வரலாறு பெருமைக்குரியது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கழகம் உருவானது. இப்பகுதிக்கு 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997இல் தலைவர்கள், மன்னர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் நிலைத்தது. இன்று எட்டுக் கழகங்களிடம் சுமார் 20,000 பேருந்துகள் உள்ளன. வயல் வரப்பின் முடிவில் உள்ள ஊருக்கும் பேருந்து விட்ட மாநிலம் இது. என் தலைமுறையில் கிராமத்துப் பிள்ளைகள் பலர் கல்லூரிப் படியை மிதித்ததற்குக் கல்வி உதவித்தொகை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அந்தப் பேருந்துகள்.

பொருளியலில் ‘மோரிங் விளைவு’ என்று ஒன்று உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் விளக்கியது. பயணிகள் பெருகினால் பேருந்துகளை அடிக்கடி விடலாம். அடிக்கடி விட்டால் காத்திருக்கும் நேரம் குறையும். காத்திருப்பு குறைந்தால் இன்னும் பலர் வருவர். ஒவ்வொரு புதிய பயணியும் மற்றப் பயணிகளுக்கு நன்மை செய்கிறார். பேருந்துக்குப் பொதுப்பணத்தில் மானியம் தருவதற்கான வலுவான நியாயங்களுள் இதுவும் ஒன்று. இதே சக்கரம் எதிர்த்திசையிலும் சுழலும். ஒரு நடை குறைந்தால் காத்திருப்பு கூடும். பொறுக்க முடியாதவர் தவணையில் இருசக்கர வாகனம் வாங்குவார், பிள்ளையை வேனில் அனுப்புவார். கூட்டம் குறைந்தது என்று அடுத்த நடையும் நிற்கும். இறுதியில் காத்திருப்பவர்கள், வாகனம் வாங்க இயலாதவர்கள் மட்டுமே.

மகளிர்க்கான கட்டணமில்லாப் பயணத் திட்டத்தை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அதற்காக அறிவிக்கப்பட்ட மானியம் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய். அது நல்ல செலவு என்பதே என் கருத்து. கட்டணத்தை நீக்கிப் பயணிகளைப் பெருக்கிய பின், நடைகளையும் பெருக்கினால்தான் மோரிங் கூறிய நற்சக்கரம் சுழலும். கட்டணம் இலவசம், ஆனால் பேருந்து இல்லை என்றால் அந்தச் சலுகை நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களுக்கு மட்டும் உரியதாகிவிடும்.

நடைகளைப் பெருக்க வண்டி மட்டும் போதாது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க இயலாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே புதிதாக வரும் பேருந்துகளில் ஒரு பகுதி, கழிக்கப்படும் பழையவற்றின் இடத்தை நிரப்பவே செல்லும். வண்டி இருந்தாலும் ஓட்ட ஆள் வேண்டும். 2025 மார்ச்சில் எட்டுக் கழகங்களும் சேர்ந்து 3,274 ஓட்டுநர் - நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கோரின; விழுப்புரம் கழகத்தின் பங்கு 322. பணிமனையில் ஆள் குறைந்த நாளில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் வசூல் மிகுந்த தொலைதூரப் பேருந்தாக இராது. கிராமத்து நடையாகவே இருக்கும். வருவாயை மட்டும் பார்க்கும் எந்த நிர்வாகமும் அப்படித்தான் முடிவெடுக்கும்.

என் பணிக்காலத்து நினைவு ஒன்று இன்றும் உறுத்துகிறது. காலை முதல் பாடவேளைக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள்கள் தாமதமாக வரும் மாணவி ஒருவர் இருந்தார். பதிவேட்டில் வரவில்லை என்று குறித்துவிடுவேன். பருவத்தின் இறுதியில் வருகைப்பதிவு போதாமல் அவர் தேர்வெழுத முடியாத நிலை வந்தபோதுதான் விசாரித்தேன். அவர் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை நடை அறிவிப்பின்றி நின்றுபோயிருந்தது. சில நாள் வரும். சில நாள் வராது. நான் அத்தனை மாதங்களாகப் பதிவேட்டில் குறித்துவந்தது அந்தப் பேருந்தின் வருகையை. அபராதம் கட்டியது மாணவி. அவர் எப்படியோ தேர்வெழுதினார். அப்படி எழுதாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட எந்தப் பதிவேடும் இல்லை.

இந்த இடைவெளியை அரசு அறியாமல் இல்லை. செம்மங்குப்பம் விபத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன், 2025 ஜூன் 16 அன்று, தஞ்சாவூரில் புதிய விரிவான மினி பஸ் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பேருந்து வசதியில்லாத ஊர்களை இணைப்பதே அதன் நோக்கம். வழித்தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். 1997இல் தொடங்கிய முந்தைய மினி பஸ் திட்டமும் இதே நோக்கத்துடன் வந்ததுதான். இயக்குவோர் தனியார் என்பதால், அவர்களும் வசூல் உள்ள நேரத்தையும் வசூல் உள்ள சாலையையும் நாடுவது இயல்பு. ஆகவே, அனுமதி பெற்ற அத்தனை நடைகளும் அன்றாடம் ஓடுகின்றனவா என்று பார்ப்பவர் யார் என்பதில்தான் இத்திட்டத்தின் வெற்றி அடங்கியுள்ளது.

பிரிட்டனின் அனுபவம் இங்கு பயன்படும். லண்டனுக்கு வெளியே 1986இல் பேருந்துகள் சந்தைக்கு விடப்பட்டன. எந்தத் தடத்தில் ஓட்டுவது என்பதை நிறுவனங்களே முடிவுசெய்தன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மான்செஸ்டர் பெருநகரம் அந்த அதிகாரத்தைப் படிப்படியாக மீட்டு, 2025 ஜனவரியில் தன் பேருந்துகள் அனைத்தையும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அங்கும் பேருந்துகளுக்குப் பூசப்பட்ட வண்ணம் மஞ்சள். வண்டிகளைத் தனியார் நிறுவனங்கள் ஓட்டுகின்றன. எந்த ஊருக்கு எப்போது பேருந்து என்பதைப் பொது அமைப்பு முடிவுசெய்கிறது. அந்த அதிகாரத்தைத் தமிழகம் ஒருபோதும் முழுமையாக இழந்ததில்லை. இருக்கும் அதிகாரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி பயன்படுத்துவதே நம் தேவை.

முதலாவதாக, நடைகள் வெளியிடப்பட வேண்டும். பேருந்துக்கு வழங்கும் அனுமதியில் வழித்தடம், நாளொன்றுக்கான நடைகள், நேர அட்டவணை ஆகியவற்றை நிபந்தனைகளாக விதிக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆவது பிரிவு இடமளிக்கிறது. கோப்புகளில் உறங்கும் இந்த அட்டவணைகளை ஊர்வாரியாகத் தொகுத்து, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இணையத்திலும் வெளியிடலாம். டெல்லி அரசு 2018இலேயே பேருந்துத் தடங்கள், நேரங்கள் பற்றிய தரவுகளைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்துவிட்டது.

இரண்டாவதாக, ஒரு நடையை நிறுத்துவதோ பலகையை மாற்றுவதோ ஊருக்கு முன்னறிவிப்பின்றி நடக்கக் கூடாது. கிராமசபைக் கூட்டத்தில் ஒருமுறை வைத்துக் கருத்துக் கேட்பது பெரிய சுமையன்று.

மூன்றாவதாக, பள்ளி, கல்லூரி நேரத்து நடைகளை வசூல் கணக்கிலிருந்து விலக்கி, அவற்றுக்குத் தனி மானியம் தர வேண்டும். ஆளில்லாத நாளில் கடைசியாக நிறுத்தப்பட வேண்டியவை அவை என்பது பணிமனைகளுக்கு எழுத்துவழி உத்தரவாக வேண்டும்.

நான்காவதாக, ரயில்வே துறை ஒரு கடவுப்பாதையின் அலகைக் கணக்கிடும்போதே, அதன் மறுபுறத்து ஊர்களுக்குக் காலையிலும் மாலையிலும் எத்தனை நடை என்பதை மாவட்ட நிர்வாகமும் கணக்கிட வேண்டும். சுரங்கப்பாதை வரும்வரை, வாகனங்களைக் குறைப்பதும் பாதுகாப்பே.

பேருந்து ஆர்வலர்களுக்கு வண்டியின் மீதுதான் காதல், பயணியின் மீதில்லை என்று கேலி பேசுவோர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். ஒரு நடை ஓடியதா, நின்றதா என்று எழுதிவைப்பவர் வேறு யாரும் இல்லாதபோது, அவர்கள் குறிப்பேடே பொது ஆவணமாகிவிடுகிறது. அந்த வேலையை அரசு செய்ய வேண்டும்.

செம்மங்குப்பத்தில் ரயில்களும் வாகனங்களும் இனி கவனமாக எண்ணப்படும். நல்லது. அந்தச் சாலையில் காலை எட்டு மணிக்கு முன் வரும் பேருந்தையும் யாராவது எண்ணத் தொடங்க வேண்டும். வராத நாளை, தவறாமல்.