காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா?

ரோக் காரியேயின் ‘ஹாக்கி ஸ்வெட்டர்’ கதையை நம் வாசகர்களில் சிலர் படித்திருக்கக்கூடும். 1979இல் வெளிவந்தது. கியூபெக் கிராமத்துச் சிறுவன் ஒருவனுக்கு அஞ்சல்வழிக் கடையிலிருந்து எதிரணியின் சட்டை தவறுதலாக வந்து சேர்கிறது. அதைத் திருப்பி அனுப்ப அவன் தாயார் சம்மதிப்பதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடா வெளியிட்ட ஐந்து டாலர் நோட்டில் அக்கதையின் வரிகள் அச்சாகியிருந்தன என்பது, எழுத்தை நேசிக்கும் எவருக்கும் சற்றுப் பொறாமையூட்டும் செய்திதான். அந்தச் சிறுவனுக்குச் சட்டை தவறாக வந்ததால் அவமானம் மட்டுமே நேர்ந்தது. காலணி தவறாக வந்திருந்தால் அவனால் பனிக்கட்டியின்மேல் நிற்கவே முடிந்திராது. நாம் பேச வந்தது அந்தக் காலணியைப் பற்றி.

கடந்த சில குளிர்காலங்களாக ஒன்ட்டாரியோவின் பனி அரங்குகளில், பிள்ளைகளின் பயிற்சி முடியும்வரை காத்திருக்கும் பெற்றோர் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம். அங்கே நடக்கும் உரையாடலில் பாதி ஸ்கேட்டுகளைப் பற்றியது. ‘கம்போசிட்’ என்ற சொல் அங்கே மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது. எடை எத்தனை கிராம் குறைவு, உடல் எவ்வளவு விறைப்பு, எந்தத் தேசிய ஹாக்கி லீக் வீரர் அணிகிறார் என்பவை மளமளவென்று ஒப்பிக்கப்படுகின்றன. பின்னட்டைக் குறிப்பை நம்பிப் புத்தகம் வாங்கிச் சூடுபட்ட நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மொழி மிகவும் பரிச்சயமானது. இந்த அளவுகோல்கள் தலைகீழாக இருக்கின்றன என்பதே நம் கருத்து. கூட்டுப்பொருளால் ஆன ஸ்கேட்டில் முதலில் பார்க்கவேண்டியது பொருத்தம். விறைப்பும் எடையும் விலையும் அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் வருபவை. தோல் ஸ்கேட்டின் காலத்தில் இது அறிவுரையாக இருந்தது. இன்று கட்டாயமாகிவிட்டது. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிடோபா மாகாணத்தின் பிராண்டன் நகரில் ஜார்ஜ் டாக்கபெரி என்றொரு காலணிக் கைவினைஞர் இருந்தார். ஜோ ஹால் என்ற ஹாக்கி வீரர், தம் காலணிகள் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை என்று அவரிடம் குறைப்பட்டதாகவும், அதனால் அவர் கங்காருத் தோலில் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். மெல்லியது, ஆனால் உறுதியானது. நனைந்தாலும் எளிதில் தொய்யாதது. (ஹால் 1919இல் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின்போது பரவிய விஷக்காய்ச்சலில் இறந்துபோனார், அந்த ஆண்டு கோப்பை யாருக்கும் வழங்கப்படவில்லை.) டாக்கபெரி 1937இல் மறைந்தபின் அவர் பெயருக்கான உரிமையைச் சிசிஎம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 1899இல் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. ‘டாக்ஸ்’ என்ற பெயரில் அதன் ஸ்கேட்டுகள் இன்றும் விற்கின்றன. ஹாக்கி உலகின் மிகப் புகழ்பெற்ற காலணி, ஒரே ஒரு மனிதனின் காலைப் பார்த்துத் தைக்கப்பட்டதில் தொடங்கியது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம்.

தோலுக்கு ஒரு நற்குணம் உண்டு. புதுச் செருப்பு கடிக்கும், எண்ணெய் தடவி நாலு நாள் நடந்தால் பழகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதேதான். தோல் ஸ்கேட் வியர்வையாலும் உடற்சூட்டாலும் மெல்ல மெல்லக் காலின் மேடுபள்ளங்களைக் கற்றுக்கொண்டது. தேர்வில் சிறு பிழை இருந்தாலும் தோல் அதை மன்னித்தது. ஆனால் தோலைப் பற்றிக் கண்ணீர் மல்கும் பழமை விரும்பிகளோடு நாம் சேரமாட்டோம். அது நீரைக் குடித்துக் கனத்தது. கணுக்காலைத் தாங்கும் பகுதி நைந்து மடங்கியது. வேகமாக வரும் ரப்பர் வட்டு பட்டால் உள்ளே இருக்கும் எலும்பைக் காக்க அதனால் முடியவில்லை. 1970களில் பனிச்சறுக்குப் பூட்ஸ் தயாரித்த லாங்கே போன்றோர் வார்ப்பு நெகிழியில் ஸ்கேட் செய்து பார்த்தார்கள். கால் பாதுகாப்பாக இருந்தது, ஆனால் வாளிக்குள் வைத்ததுபோலவும் இருந்தது. தோலின் இணக்கமும் நெகிழியின் உறுதியும் ஒருங்கே வேண்டும் என்ற தேடலின் விளைவே இன்றைய கூட்டுப்பொருள் ஸ்கேட்.

கம்போசிட் என்றால் எல்லாமே கார்பன் இழை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பாவர் நிறுவனம் ‘கர்வ்’ என்ற பெயரில் பயன்படுத்துவது நெய்யப்பட்ட பாலிப்ரொப்பிலீன். பிளாஸ்டிக் குடத்தின் உறவுக்காரர்தான். வேறு சிலர் கார்பன் இழையையும் பிசினையும் சேர்த்து, உள்ளங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரே கூடாக வார்க்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: சூடேற்றினால் சில நிமிடங்கள் இளகும், ஆறினால் மீண்டும் விறைத்துவிடும். பல வாரங்களில் தோல் கற்றுக்கொண்டதை இது கால்மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு எதையும் கற்க மறுக்கிறது.

ஆகவே அந்தக் கால்மணி நேரத்துக்கு முன் சரியான கூட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நடைக் காலணியின் எண்ணைவிட ஸ்கேட்டின் எண் பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரை குறைவாக இருக்கும். இது தெரியாதவர்கள் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி ஸ்கேட்டின் முன்கூட்டை இறகுபோல் தொடவேண்டும். முழங்காலை மடக்கி ஆட்டநிலைக்கு வந்ததும் குதிகால் பின்னே போய் அமர்ந்து, விரல்கள் சற்று விலகவேண்டும். நின்றபடி மட்டும் பார்த்துவிட்டு “இறுக்குகிறது, ஒரு எண் பெரிதாகக் கொடுங்கள்” என்று கேட்பவர்களே அதிகம். கடைக்காரரும் கொடுத்துவிடுகிறார்.

நீளத்தை விட ஆழம் முக்கியம் என்பதை நாம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னே மடித்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைக்கருகே இரு விளிம்புகளின்மீதும் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். புறங்கால் பென்சிலில் முட்டினால் அந்தக் கூட்டில் உங்கள் காலுக்கு இடமில்லை. மேலே இறுக்கிக் கட்டும்போது நாக்கு நரம்பை அழுத்தி, கணுக்காலின் முன்பக்கம் நெருப்பாய் எரியும். ‘லேஸ் பைட்’ என்று ஆட்டக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். செருப்புக் கடிக்கு அங்கேயும் கடி என்றுதான் பெயர்! குதிகால் இதற்கு நேர்மாறு: அங்கே துளியும் இடைவெளி கூடாது. அடி எடுக்கும்போதெல்லாம் குதிகால் மேலேறி இறங்கினால் நாளடைவில் எலும்பு புடைத்து மேடு தட்டிவிடும். அந்த மேட்டுக்கே ஒரு ஸ்கேட் நிறுவனத்தின் பெயரைச் சூட்டி ‘பாவர் பம்ப்’ என்கிறார்கள் என்றால், எத்தனை கால்கள் இதை அனுபவித்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

அகலம், புறங்கால் உயரம், குதிகாலின் பருமன் ஆகிய மூன்றும் ஒரே காலில் மூன்று விதமாக இருக்கும். பாவர் நிறுவனம் முன்பு சுப்ரீம், வேப்பர், நெக்சஸ் என்று வரிசைக்கு ஒரு கால்வடிவம் வைத்திருந்தது. பின்னர் ஒவ்வொரு வரிசையையும் ஒடுக்கம், நடுத்தரம், அகலம் என மூன்று கன அளவுகளில் தரத் தொடங்கியது. இது நல்ல மாற்றம். வரிசையின் பெயரைக் காதலித்துக் காலை அதற்குள் திணிக்கவேண்டிய கட்டாயம் குறைந்தது.

அடுப்பு விஷயத்துக்கு வருவோம். பல மாதிரிகளுக்கு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் போதும். வெளியே எடுத்ததும் காலை நுழைத்து, குதிகாலைத் தட்டி அமர்த்தி, லேஸை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டவேண்டும். இளகிய நிலையில் மேலே இழுத்தால் துளை வளையங்கள் பிடுங்கிக்கொள்ளும். அதன்பின் பத்துப் பதினைந்து நிமிடம் எழாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். எழுந்து நடந்தால் வடிவம் குலையும். பிள்ளைகளை அத்தனை நேரம் உட்காரவைப்பது தனிக் கலை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: அடுப்பு பொருத்தத்தைச் செம்மைப்படுத்தும், உண்டாக்காது. தவறான அளவைச் சூடாக்கினால் கிடைப்பது சூடான தவறான அளவு. கணுக்கால் எலும்பு ஓரிடத்தில் மட்டும் உரசினால், கடையில் அந்த இடத்தைச் சூடாக்கி வெளித்தள்ளித் தருவார்கள். அது வேறு வைத்தியம்.

இனி ஆட்டத்திறன். பக்கவாட்டில் உதைக்கும் விசை வீணாகாமல் பிளேடுக்குப் போவதற்குக் கூடு விறைப்பாக இருக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் சறுக்குவதற்கு முன்னோக்கிய வளைவும் வேண்டும். முழங்கால் மடங்க வேண்டுமென்றால் முன்னங்கால் எலும்பு முன்னே சாய இடம் இருக்கவேண்டும். பக்கத்தில் இரும்பாகவும் முன்னால் மூங்கிலாகவும் இருப்பதே நல்ல ஸ்கேட். விளம்பரங்கள் இரும்பைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. இந்த முரணை ஹாக்கிக்காரர்களைவிட வேகச் சறுக்கு வீரர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் சறுக்கிய டேவ் குரூக்ஷாங்க் வடிவமைத்த எம்எல்எக்ஸ், அதைப் பின்தொடர்ந்து 2010களில் ஈஸ்டன் நிறுவனம் வெளியிட்ட மாக்கோ ஆகியவை குதிநாணை ஒட்டிய பின்பகுதியை நெகிழவிட்டன. 2016இல் ஈஸ்டனின் ஹாக்கிப் பிரிவைப் பாவர் வாங்கியபின் மாக்கோ சந்தையிலிருந்து மறைந்தது. அதன் அருமை தெரிந்தவர்கள் பழைய ஜோடிகளைத் தேடி அலைந்தார்கள். நல்ல நூல் மறுபதிப்புக் காணாமல் போவதைப் போன்ற இழப்பு என்றே நாம் கருதுகிறோம்.

மனிடோபாவை நாம் மறந்துவிடவில்லை. பிராண்டனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வினிப்பெக்கில், வேகச் சறுக்குக் காலணிகள் செய்துவந்த ஸ்காட் வான் ஹோர்ன் என்பவர், ஒவ்வொருவர் காலையும் தனித்தனியே அளந்து, ஒரே கூடாக வார்த்த ஹாக்கி ஸ்கேட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். அவருடைய விஎச் நிறுவனத்தை 2016இல் ட்ரூ வாங்கியது. தொழில்முறை வீரர்கள் பலர் அவற்றுக்கு மாறியபின், காலை முப்பரிமாணத்தில் அலகிட்டுத் தனி அளவில் செய்து தருவது பெருநிறுவனங்களுக்கும் வழக்கமாயிற்று. நூறாண்டுகளில் தோல் போய்க் கார்பன் வந்தது. ஆனால் சிறந்த ஸ்கேட் மீண்டும், அதே மாகாணத்தில், ஒரு மனிதனின் ஒரு ஜோடிக் காலைப் பார்த்துச் செய்யப்படுவதாகத்தான் இருக்கிறது.

புதிய ஸ்கேட்டை மதிப்பிடும்போது பெரும்பாலோர் பிளேடைக் கணக்கில் எடுப்பதில்லை. பழைய ஜோடியின் பிளேடு அரை அங்குல ஆரக் குழிவில் தீட்டப்பட்டிருக்கும். புதியது வேறு குழிவில், முன்பின் வளைவும் வேறாக இருக்கும். முதல் நாளே இறங்கிவிட்டு “திரும்பும்போது பிடிக்கவில்லை, பூட்ஸ் சரியில்லை” என்று தீர்ப்பெழுதுகிறார்கள். இரண்டு ஜோடிகளையும் ஒரே மாதிரி தீட்டச் சொல்லி, அதே மெல்லிய காலுறையோடு, பத்து மணி நேரமாவது சறுக்கியபின் பேசுவதே நேர்மை. அப்போதும் உள்ளங்கால் வலித்தால் உடனே இறுக்கத்தைக் குற்றம்சாட்ட வேண்டியதில்லை. தளர்ந்த கூட்டுக்குள் பிடிமானம் தேடி விரல்கள் ஓயாமல் சுருண்டுகொள்வதாலும் அந்த வலி வருவதுண்டு.

நட்சத்திரங்களைப் பின்பற்றுவதற்கு மட்டும் யாரும் நம்மிடம் ஆதாரம் கேட்கவேண்டாம். பாபி ஆர் காலுறையே இல்லாமல் ஆடினார். 1985-86 பருவத்தில் தடுப்பாட்டக்காரராக இருந்தும் 48 கோல் அடித்த பால் காஃபி, தம் காலளவைவிடச் சிறிய ஸ்கேட்டுக்குள் காலைத் திணித்துக்கொண்டார். இருவரும் மேதைகள். மேதைகளின் பழக்கங்களை நகலெடுத்து யாரும் மேதையானதில்லை என்பது எழுத்து உலகிலும் நமக்குத் தெரிந்ததே.

நம்மை உண்மையில் வருந்தச் செய்வது பிள்ளைகளின் நிலை. முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பத்து வயதுச் சிறுமிக்கு, தொண்ணூறு கிலோ எடையுள்ள ஆணின் உதைக்காக விறைப்பேற்றப்பட்ட உயர்ரக மாதிரியின் சிறிய பதிப்பை வாங்கித் தருகிறார்கள். அவளால் கணுக்காலை வளைக்கவே முடிவதில்லை. முழங்காலுக்குப் பதில் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி சறுக்குகிறாள். பயிற்சியாளர் “முழங்காலை மடக்கு” என்று பருவம் முழுவதும் கத்துகிறார். அல்லது, வளர்ந்துவிடுவாளே என்று இரண்டு எண் பெரிதாக வாங்குகிறார்கள். கூட்டுக்குள் கால் நீந்துகிறது, கணுக்கால் உள்ளே சாய்கிறது. வளரும் காலுக்கு அரை எண் இடம் விடலாம், இரண்டு எண் விடுவது கொடுமை. வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், பழகிவிடும் என்கிறோம். தோலாக இருந்திருந்தால் நாம் சொல்வது உண்மையாகவும் இருந்திருக்கும். இரண்டு குளிர்காலங்களில் ஆட்டமே வேண்டாம் என்று விலகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காரணம் கால்வலி என்று எவரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

உயர்ரக ஜோடியொன்றின் விலை இன்று ஆயிரம் கனடா டாலரைத் தாண்டுகிறது. அதில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும் நடுத்தர மாதிரி, சற்று நெகிழ்வானது, பிள்ளைகளுக்கும் வாரம் ஒருமுறை ஆடும் நம் வயதுக்காரர்களுக்கும் மேலானது என்பது நம் உறுதியான எண்ணம். மிச்சப் பணத்தில் பருவம் முழுவதும் பிளேடைத் தீட்டிக்கொள்ளலாம். பழைய ஜோடி வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்தக் கூடு ஏற்கெனவே வேறொருவர் காலைக் கற்றுக்கொண்டது. மீண்டும் சூடாக்கலாம், ஆனால் எண்ணற்ற தடவை முடியாது. வாங்குமுன் உள்ளே கைவிட்டு, கணுக்கால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் எலும்பு அங்கே இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.