பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மோதினால்

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் கிட் எதற்கு என்று கேட்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். நாலு பேர் சேர்ந்து ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திப் பாருங்கோ, தெரியும். 'கடைசி', 'புதுக் கடைசி', 'உண்மையான கடைசி' என்று வட்ஸ்அப் முழுக்க ஃபைல் அலையும். அதைவிடக் கிட் எவ்வளவோ மேல். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கு.

'கவிதை' என்று ஆங்கில எழுத்தில் ஃபைலுக்குப் பெயர் வைக்கிறீங்கள். முதல் எழுத்துப் பெரிய கேயா, சின்ன கேயா? (தமிழில் இந்த வித்தியாசத்தைக் காட்டவே வழியில்லை, எங்கட எழுத்தில் பெரிசு சின்னது கிடையாது.) லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள். வின்டோஸும் மக்கும் வழமையாக இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். கிட் லினக்ஸ் பக்கம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியதே லினக்ஸ் கேர்னலுக்காகத்தான்.

இப்ப பாருங்கோ. வின்டோஸ் லப்டொப்பில் ஒருவர் பெரிய கேயைச் சின்னதாக்குறார். கிட் ஒன்றும் நடக்காத மாதிரிச் சும்மா இருக்கும். லினக்ஸ் வைத்திருக்கும் இன்னொருவர் வேறு பிராஞ்சில் சின்ன கேயில் புது ஃபைல் தொடங்கி இரண்டு கிழமை எழுதுறார். லினக்ஸில் மேர்ஜ் பண்ணினால் முரண்பாடு என்று ஒரு வார்த்தையும் வராது. பெயர்கள் வேறு என்பதால் இரண்டும் உள்ளே போய்விடும். பிறகு வின்டோஸ்காரர் இறக்கும்போது அவருடைய லப்டொப்பில் ஒரு ஃபைல்தான் நிற்கும். மற்றது 'திருத்தப்பட்டது' என்று காட்டும். யோசிக்காமல் எல்லாத்தையும் கொமிட் பண்ணினால், ஒருவரின் எழுத்துக்கு மேல் மற்றவரின் எழுத்து ஏறிவிடும். பழைய கொமிட்டில் தேடினால் கிடைக்கும்தான். தேடவேணும் என்று தெரிந்தால்தானே!

வழமையாக இதில் திட்டு வாங்குறது வின்டோஸ்காரர். எனக்கு அது நியாயமாகப் படேல்லை. கையில் கிடைத்த லப்டொப்பில் வேலை செய்றது குற்றமில்லை. முதல் நாளே 'ஃபைல் பெயர் எல்லாம் சின்ன எழுத்தில்' என்று விதி வைக்காதது குழுவின் பிழை.

பெயரை மாற்றியே ஆகவேணும் என்றால் கிட்டின் 'எம்வி' கட்டளையால் மாற்றுங்கோ. மற்றவர்களின் பிராஞ்சுகள் சேர்ந்த பிறகு, வேறு திருத்தம் எதையும் கலக்காமல், தனிக் கொமிட்டாக. பழைய கிட் அடம்பிடித்தால் இடையில் ஒரு தற்காலிகப் பெயர் வைத்து மாற்றலாம். ஏற்கெனவே இரண்டும் மோதியிருந்தால் லினக்ஸில் திறந்து, இரண்டையும் வாசித்து ஒன்றாக்கி, மற்றதை நீக்குங்கோ. 'இக்னோர்கேஸ்' அமைப்பை நிறுத்தச் சொல்லி அறிவுரை சொல்லுவினம், கேட்காதேங்கோ. அதை மாற்றினால் எதிர்பாராத விளைவு வரலாம் என்று கிட்டின் கையேடே சொல்லுது.

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை என்று நினைக்கிற ஆக்களுக்கு: 2014 டிசம்பரில் கிட் அவசரமாக ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. கிட்டின் உள் ஃபோல்டர் பெயரையே பெரிய எழுத்துக் கலந்து எழுதி, வின்டோஸிலும் மக்கிலும் அந்நியக் கட்டளைகளை ஓடவைக்க அது வழிவிட்டிருந்தது.

அப்ப தமிழிலேயே பெயர் வைத்தால் என்ன? ஆசைதான். ஆனால் 'கொ'வின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கிட்டுக்கு இரண்டு பெயர். மக்கின் பழைய கோப்பு முறை அதைத் தானாகவே பிரித்துவிடும். அதனால் இப்போதைக்கு, விருப்பமில்லாமல்தான் சொல்றன், ஃபைல் பெயர் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். சின்ன எழுத்தில்.