எண்ணிக்கையுள் அடங்காத துயர்

கொள்ளைநோய் ஒன்று நீங்கிய பின்னர் நம் கையில் எஞ்சுவன எண்களே. எத்தனை பேர் நோயுற்றனர், எத்தனை பேர் மாண்டனர் என்பவற்றை அரசாங்கப் பதிவேடுகள் கூறும். மாண்டாரைச் சுற்றத்தார் எவ்வாறு வழியனுப்பினர், கூலி நின்ற வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பவற்றை அவை கூறமாட்டா. 1918ஆம் ஆண்டில் இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கையிற் பரவியபோது தோட்டப்பகுதிகளும் பெருந் துன்பமுற்றன. ஆயின், அத்தொழிலாளர் தம் வாயாற் கூறிய வரலாறு நமக்குக் கிடைத்தல் அரிது. கொவிட் நோய்க்காலமும் அவ்வாறே மறைந்துபோக விடலாகாது என்பது நம் கருத்து.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. அன்றாடக் கூலியை நம்பியிருந்தோர் வருவாயிழந்தனர். மலையகத்திலோ கொழுந்து பறித்தல் தொடர்ந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய லயன் காம்பராக்களிற் குடும்பமாக நெருங்கி வாழ்வோர்க்கு, ‘இடைவெளி பேணுக’ என்னும் உபதேசம் எவ்வாறு பயன்பட்டது? இதற்கு விடை கூறத்தக்கவர் அங்கு வாழ்ந்தவரேயன்றிப் பிறரல்லர்.

இனி, முஸ்லிம் மக்கள் பட்ட துயரை நோக்குவோம். உலக சுகாதார நிறுவனம் உடல்களை அடக்கஞ் செய்தலையும் அனுமதித்திருக்க, 2020 ஏப்ரலில் இங்கு தகனம் கட்டாயமாக்கப்பட்டது. சைவராகிய நமக்குத் தகனம் இறந்தார்க்குச் செய்யுங் கடன். முஸ்லிம்களுக்கோ அது மார்க்கம் விலக்கிய செயல். நமக்கு ஆறுதலாவது அவர்க்கு ஆறாப் புண்ணாயிற்று. 2021 பெப்ரவரியிலேயே அவ்விதி தளர்ந்தது. அடுத்த மாதம் முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன; பிற சமயத்தவர் சிலரும் அங்கு துயில்கின்றனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. யாது நிகழ்ந்தது என்பதைத் துயருற்றோர் வாயிலாகக் கேளாமல் கோரப்படும் மன்னிப்பு முழுமையுறுமா?

ஆதலின் அவர்தம் கதைகளைத் திரட்டுதல் கடன். ஆயினும் திரட்டும் முறையிலும் அறம் உண்டு. கூறுவோர் தம் பேச்சுமொழியிலேயே கூறுக. எழுதுவோர் அதனைத் திருத்தி மெருகிடாதொழிக. பெயரை மறைக்க வேண்டுவோர் பெயர் மறைக்கப்படுக. கூறியபின் மனம் மாறி, ‘வெளியிடவேண்டாம்’ என்பாராயின் அவ்விருப்பமே மேலோங்குக. துயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன்பின் திரும்பியும் பாராதிருத்தல் ஒருவகைக் களவேயாகும். எழுதியதன் பிரதியொன்று கூறினார் கையிற் சேர்தல் வேண்டும்.

திரட்டியவற்றை ஓரிடத்தில் மட்டும் வைத்தலும் தகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, மறுபிரதியில்லா ஏடுகளுடன் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை அறிந்த நமக்குப் பிறிதொரு சான்று வேண்டுமோ? இன்று நூலக நிறுவனம் போன்ற எண்ணிமக் காப்பகங்கள் உள. பிரதிகளைப் பலவிடத்தும் பேணுதல் இயலும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியர் உளர், வைத்தியர் உளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உளர். மலையகத்திலும் கிழக்கிலும் பணிபுரிந்தோரும் பலர். விழாக்காலத்தில் நம் பெருமையை நாம் எழுதுதல் இயல்பே. அதனோடு, எழுதுவாரின்றி நிற்கும் அயலாரின் கதைக்கும் செவிகொடுப்போமாக. நினைவு ஆண்டுதோறும் மங்குகின்றது. முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.