மூணு வருஷ மானியத்துக்கு முப்பாட்டன் நிலமா?



போன வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து விமானத்துல வந்தான். "மாமா, ஒரு மணி நேரத்துல வந்துட்டேன். இன்னும் பெருசாக்கினா நம்ம ஊரு எங்கியோ போயிரும்"னான். "ஊரு எங்கியோ போயிரும், சரி மாப்ள. நாங்க எங்க போறது?"ன்னு கேட்டேன். பதில் இல்லை.

விமானம் வேண்டாம்னு நான் சொல்லலை. உடம்பு முடியாதவங்க, அவசர வேலைக்காரங்க போகட்டும். நான் எதிர்க்கிறது விரிவாக்கத்தை. 2018-ல காமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிபாடின்னு நாலு ஊர்ல 570 ஏக்கர் வேணும்னாங்க. எங்க ரெண்டரை ஏக்கரும் அந்த அளவுக்குள்ள வந்துச்சு. அப்பா கடப்பாரையில வெட்டின கிணறு, நாப்பது தென்னை, குண்டுமல்லித் தோட்டம், எல்லாமே அதுலதான்.

இந்த சேலம் விமான நிலையத்தோட கதையைப் பாருங்க. 1993-ல வந்தது. கொஞ்ச நாள் பறந்து நின்னுது. 2009-ல கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நின்னுது. 2018 மார்ச்சுல உடான் திட்டத்துல ட்ரூஜெட் வந்தது, 2021-ல அதுவும் நின்னுபோச்சு. கொரோனாவும் ஒரு காரணம்தான், ஒத்துக்கறேன். மறுபடியும் 2023 அக்டோபர்லதான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தது.

உடான்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்டை 2,500 ரூபாய்க்குள்ள குடுக்கணும்னு திட்டம் ஆரம்பிச்சப்ப வெச்சாங்க. அதுல கம்பெனிக்கு விழற துண்டை மானியமாக் குடுப்பாங்க, மாநில அரசும் பங்கு போடும். அதுவும் மூணு வருஷத்துக்குத்தான். அப்புறம் கட்டுப்படியாகலைன்னா கம்பெனிக்காரன் விமானத்தை வேற ஊருக்குத் திருப்பிக்குவான். அவனுக்கு றெக்கை இருக்கு. நாங்க கிணத்தைத் தூக்கிட்டு வேற ஊருக்குப் போக முடியுமா? மானியம் மூணு வருஷம், நிலம் மட்டும் காலத்துக்கும் போகணும். இது என்ன கணக்குங்க?

"உங்க பூவு விமானத்துல போகும், நல்ல விலை கிடைக்கும்"னு ஆசை காட்டறாங்க. இன்னிக்கும் எங்க மல்லி விடியறதுக்கு முன்னாடி பறிச்சு, பஸ்ஸுல ஏத்தி, சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்குத்தான் போகுது. அரை மணி பிந்தினா விலை படுத்துரும். காலை பஸ் ஒழுங்கா வந்தாலே எங்களுக்குப் பாதி லாபம். அதுவும் போக, விமானத்துல பூ ஏத்தறதுக்கு மொதல்ல தோட்டம் இருக்கணுமில்ல? தோட்டத்தை எடுத்துக்கிட்டு எந்தப் பூவை ஏத்துவாங்க?

இப்ப இருக்கிற ஓடுபாதையே சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர் உக்கார்ற ஏடிஆர் விமானம் அதுலயே இறங்கி ஏறுது. இருக்கறதை வெச்சு, மானியம் இல்லாம, பத்து வருஷம் நிக்காம ஓட்டிக் காட்டட்டும். கூட்டம் தாங்கலைன்னா அப்ப வந்து கேக்கட்டும். அப்பவும் மொதல்ல புறம்போக்கைத் தேடட்டும், விளையற நிலத்துல கல்லு நடவேண்டாம்.

"வளர்ச்சிக்கு யாராவது விட்டுக்குடுக்கணும்"னு சொல்றவங்களுக்கு ஒரே கேள்வி. அந்த யாராவது எப்பவும் நாங்களாவே இருக்கறது ஏனுங்க?

அம்மாவுக்கு எண்பது ஆகுது. தலைக்கு மேல விமானம் போனா இப்பவும் கையை நெத்தியில வெச்சுப் பாக்குது. அதுக்கு விமானம் புடிக்கும். தோட்டமும் புடிக்கும். ரெண்டும் இருக்கட்டுமுங்க.